ஷிப்ட் ஆளுக்குச் சொன்ன ஆட்டம்

குறிஞ்சிப்பாடி கோயிலில் அர்ச்சனை முடித்து, நெய்வேலி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் கழுத்தில் விசிலோடு இரண்டு கால்பந்து கோச்சுகள். ஒரே சாரிடம் ஆட்டம் பழகியவர்களாம்.

“இன்னிக்கும் தோத்தா ஸ்கூல்ல டீமையே கலைச்சுடுவாங்க மாப்ள. சாரு சொன்னபடிதான் ஆட வெக்கிறேன். ஆளு ஓடக் கூடாது, பந்துதான் ஓடணும்.”

“அத அவரு மைன்ஸ் டீமுக்குல்ல சொன்னாரு? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா கிரவுண்டுக்கு வர்றவங்க, பாவம். உன் பசங்க என்ன ஷிப்டா பாக்குறாங்க?”

“அப்ப சாரு சொன்னது தப்புங்கிறியா?”

“ஆளப் பாத்து ஆட வெச்சாருடா. நான் கத்துகினது அதத்தான்.”

முதலில் பேசியவர் போனை எடுத்தார்.

“டேய் கேப்டன், இன்னிக்கு எல்லாரும் ஓடுங்கடா.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் போட்ட கூச்சல் என் சீட் வரை கேட்டது. முருகா, பார்த்துக்கொள் என்றேன்.