மரம் எதைத் தின்றது

— வேரோட எடுத்துடுங்கண்ணே. அடிக்கட்டகூட மிச்சம் இருக்கக் கூடாது.

— எடுத்துடலாம்மா, அரை நாள் வேல. ஆனா சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க. வீட்டுக்குள்ள முடிவாகாம கோடாலி வச்சா, கடைசில திட்டு எனக்குத்தான் விழும்.

— அவர்கிட்ட என்ன கேக்கறது? நாந்தானே வரச் சொன்னேன்.

— அண்ணே, நீங்க கொஞ்சம் கேட்டுக்கு வெளிய உக்காருங்க. நான் வீட்ல பேசிட்டுக் கூப்பிடறேன்.

— சரிங்க சார். எனக்கென்ன, நெழல் இருக்கு.

— ஏம்மா, என்கிட்ட சொல்லாம மரம் வெட்ட ஆளக் கூட்டிட்டு வந்திருக்க? அது குட்டியோட மரம். படுத்த படுக்கையா இருந்தப்பகூட நம்ம பொண்ணு அதத்தானே பாத்துட்டு இருந்தா.

— அதாங்க. அதுவும் அவளையே பாத்துட்டு இருந்துச்சு.

— மரம் எங்கயாவது பாக்குமா?

— நீங்க காலைல ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போயிடுவீங்க. நாள் பூரா அந்த ரூம்ல கெடந்தவ நான். அவ எலும்பும் தோலுமா ஆக ஆக, இது மதமதன்னு வளந்துச்சு. அவளத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, இது ஜன்னல் கம்பிக்குள்ள கைய விட்டிருந்துச்சுங்க.

— நல்ல மழ பேஞ்ச வருஷம் அது. வளரத்தான் செய்யும்.

— மழையா? நான் ஊட்டி வளத்தேன். அவ குடிக்காம வச்ச பால், அவ உடம்பத் தொடச்ச தண்ணி, எல்லாத்தையும் அதோட வேர்லதான் கொட்டினேன். என் கையாலயே அவகிட்டேருந்து எடுத்து எடுத்து அதுக்குக் குடுத்திருக்கேன். அவளத் தின்னுடுச்சுங்க. இப்ப காத்தே இல்லாதப்பகூட ஜன்னல்ல உரசுது. அவளுக்கு மூச்சு எளைக்குமே, அதே சத்தம்.

— சொல்றேன் கேளு. நீ ஊத்துனதுல மரம் எடுத்துக்கிட்டது தண்ணியும், மண்ணுல கரையற உப்பு ஒரு சிட்டிகையும்தான். மண்ணத் தின்னு மரம் வளர்றதில்ல. அப்படி வளந்தா இந்நேரம் மரத்தடில கெணறு மாதிரி குழி விழுந்திருக்கணும்ல?

— அப்புறம் அம்மாம்பெரிய கட்ட எங்கேருந்து வந்துச்சு? ஏழாங்கிளாஸ் பசங்களுக்குச் சொல்ற மாதிரி என்கிட்ட சொல்லாதீங்க.

— அவனுங்களும் இதத்தான் கேப்பானுங்க. காத்துலேருந்து வந்துச்சு. நாம வெளிய விடற மூச்சுல கரி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. எல அத உள்ள எடுத்து, வேர் அனுப்பற தண்ணியோட சேத்து, வெயில வச்சு சக்கரையாக்கிக்கும். அதான் அதுக்குச் சாப்பாடு. அந்தச் சக்கரையே அப்புறம் பட்டையாவும் கட்டையாவும் மாறிடுது.

— நாம விடற மூச்சா?

— யார் விட்டாலும்தான். ஆடு, மாடு, நீ, நான்.

— அவ ஜன்னல் பக்கம் மூஞ்சிய வச்சுட்டுத்தான் மூச்சு விடுவா. அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வச்சாத்தான் தூங்குவா.

— ஆமா.

— அதையும் எடுத்திருக்குமா?

— கொஞ்சம் எடுத்திருக்கும். அந்த எலைங்கதானே அவளுக்குக் கிட்டத்துல இருந்துச்சு.

— நெஜமாவா, இல்ல என்னத் தேத்தறதுக்குச் சொல்றீங்களா?

— நெஜமாத்தான். அது அவளத் தின்னல. அவ வெளிய விட்டதத்தான் எடுத்து வச்சிருக்கு. நான் மட்டும் என்ன, தெனம் ஸ்கூல்லேருந்து வந்ததும் அதத் தொட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வர்றேன். உன்கிட்ட சொன்னதில்ல.

— அப்ப அவ மூச்சு அந்தக் கட்டைக்குள்ள இருக்கு.

— இருக்கு. அழாத. ஆளத் திருப்பி அனுப்பிடட்டுமா?

— இருங்க. கட்டைய எரிச்சா அது என்னாகும்?

— என்னாகும், எங்கேருந்து வந்துச்சோ அங்கயே போயிடும். திரும்பக் காத்தோட கலந்துடும். ஏன் கேக்கற?

— அண்ணே, உள்ள வாங்க, வெட்டிடலாம். ஒரு சுள்ளிகூட வெளிய போகக் கூடாது. இங்கயே எரிங்க, மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. நான் பக்கத்துல உக்காந்து மூச்ச இழுத்துக்கறேன்.