ஒரு சுற்று இளைத்த படம்

உப்பளத்தில் படம் பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை, மேடம். மேலே அடிக்கிற வெயில் போதாதென்று பாத்தியிலிருந்தும் கிளம்பி வந்து கண்ணைக் கூச வைக்கும். அதனால் காலையிலேயே எடுத்துவிடுவேன். என் தங்கை ஜெயப்ரியா வரப்பில் ஓடுவாள். நான் செல்போனில் பிடித்து, வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைவேன். அனிமேஷன்தான் என் தொழில். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, ஓடியோடியே உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பள்ளிகளில் காட்ட ஒரு விழிப்புணர்வுப் படம். நல்ல காரியம்.

ஜெயப்ரியா வெயில் தாங்காமல் செத்துப்போனாள் என்று, விசாரிக்க வந்த உங்களிடம் அம்மா சொல்லியிருப்பார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பாத்தியில் யார் சுருண்டு விழுந்தாலும் அது வெயில்தான். நிழலில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். முன்பு ஒருமுறை அவள் விழுந்தபோதும் அப்படிக் கொடுத்தார்கள். குடிக்காமல் எழுந்துபோய் மறுபடியும் உப்பு வாரினாள். ஓடி முடித்த கையோடு கூலியாட்களுக்குச் சமமாக நின்று வாருவாள். படித்த பெண் இப்படிப் பாடுபடுகிறாளே என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. உழைக்கிற உடம்பு இளைக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது உழைப்பில்லை, நோய் என்று எனக்கு மட்டும் தெரியும். டாக்டர் ஒருவரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டுதான் படத்துக்குக் கதையே எழுதியிருந்தேன்.

அம்மா ஒருநாள் கேட்டார்.

"ஏம்பா, இவ இன்னா இப்படி எளைச்சிக்கினே போறா? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாமா?"

"போட்டிக்கு ஓடுறாம்மா. ஓடுறவங்க அப்படித்தான் இருப்பாங்க, உட்டுடு" என்றேன்.

படம் அப்போது பாதிதான் முடிந்திருந்தது. அவள் உடம்பு தேறிவிட்டால் மிச்சக் காட்சிகளுக்கு நான் யாரைப் பார்த்து வரைவது?

படத்தில் வரும் பெண் காட்சிக்குக் காட்சி மெலிய வேண்டும். அதனால் ஜெயப்ரியாவைவிட ஒரு சுற்று இளைத்த மாதிரி வரைவேன். சாயங்காலம் என் பின்னால் வந்து நின்று பார்ப்பாள்.

"நான் இன்னும் இவ்ளோ ஒல்லி ஆவலியே, அண்ணா" என்பாள். குரலில் ஏக்கம் இருக்கும்.

"ஆயிடுவ" என்பேன்.

கொஞ்ச நாளில் படத்தில் இருந்தபடியே வந்து நிற்பாள். அடுத்த காட்சிக்கு நான் இன்னும் ஒரு சுற்று குறைப்பேன். எதையும் நேரில் பார்த்து வரைந்து பழகியவன் நான். கற்பனையில் வரைந்தால் தோள் எலும்பு சரியாக அமையாது.

பாசமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். மாசி மகத்துக்கு அவளைத் தோளில் உட்காரவைத்துக் கடற்கரைக்குத் தூக்கிப்போனவன் நான். இப்போதும் விடிந்ததும் வாசலில் அவள் ஷூ இருக்கிறதா என்று பார்க்கிறேன். அழுகை வந்துவிடுகிறது.

அன்று காலை பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டாள். "முடியல அண்ணா. இன்னிக்கு வேணாம். பசிக்குது" என்றாள். பசிக்கிறது என்று அவள் வாயால் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. பையில் அம்மா கட்டிக்கொடுத்த இட்லி இருந்தது. ஆனால் எனக்கு ஓடுகிற காட்சி ஒன்று பாக்கி.

"இதான் கடைசி. அந்த வரப்புக் கோடி வரைக்கும் ஓடிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன்.

நான் சொன்னால் தட்டமாட்டாள். ஓடினாள். அவள் விழுந்த பிறகும் நான் செல்போனை இறக்கவில்லை. ஒருவர் விழுவதைப் பார்த்து வரைய எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

படத்தைப் போன வாரம் ஒரு பள்ளியில் போட்டார்கள். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். கடைசியில் அந்தப் பெண் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள். அதை மட்டும் பார்த்து வரைய ஆளில்லை. அந்தக் காட்சியை முன்னாலேயே வரைந்து காட்டியிருந்தால் ஜெயப்ரியாவும் சாப்பிட ஆரம்பித்திருப்பாள். வேலையைக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன், மேடம். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.