தண்ணீர் லாரியில் பதிந்த குரல்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, மேளக்காரர்களே, இசிடோரின் அக்கா ரோசலி அவர்களே, உறைந்த ஏரியைக் கடந்து வந்திருக்கும் உறவினர்களே, வணக்கம்.

வெளியே தீ மூட்டியாயிற்று. கூட்டம் முடிந்ததும் மறைந்த இசிடோர் பெயோனியின் உடைமைகள் அதற்குள் போகும். அது நம் வழக்கம். அக்காவின் மடியில் தம்பியின் மேலங்கி. அதன் மேல் அவர் குரல் பதிந்த ஒரு சின்ன ரெக்கார்டர். அதைக் கேட்டு வாங்கி வரச் சொல்லித்தான் நம் டெனே மொழி வகுப்பு என்னை மேடையேற்றியிருக்கிறது. அக்காவுக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரியும்.

யார் இந்த இசிடோர்? ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். வகுப்பைத் தொடங்கியவர். நாற்பது வயது வரை ஆங்கிலம் மட்டுமே பேசியவர்!

வீட்டுத் தொட்டியில் குழாயைச் செருகுவார். தொட்டி நிறையும்வரை வாசலில் நின்று ஒரு வினைச்சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். நான் ஊற்றுகிறேன். நீ ஊற்றுகிறாய். நாம் இருவரும். நாம் எல்லோரும். செய்பவர் யார் என்பது நம் மொழியில் சொல்லின் நடுவே ஒளிந்திருக்கிறது. ஆள் மாறினால் பக்கத்து ஒலிகளும் நகர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் தப்பாகச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் யாரோ உள்ளிருந்து திருத்தினார்கள். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஈஸ்டர் விருந்து நினைவிருக்கிறதா? தேநீர் கேட்டார். நம் மொழியில் கோப்பையில் இருப்பதை எடுத்துக் கொடுக்க ஒரு வினை, உயிருள்ளதை எடுத்துக் கொடுக்க வேறு வினை. இவர் இரண்டாவதைச் சொன்னார். பெரியவர் தொசித்தே விடுவாரா?

"ஏண்டா, உன் டீ குரைக்குமா?"

"இன்னும் குட்டிதான் மாமா. வளந்தா குரைக்கும்."

இந்த மண்டபமே சிரித்தது. இசிடோரும் சிரித்தார்.

ரோசலி அக்கா சிரிக்கவில்லை. நம் மொழியைப் பேசவிடாத பள்ளி விடுதியிலிருந்து திரும்பிய வருடம், இதே மண்டபத்தில், அவர் நம் மொழியில் ஒரு வாக்கியம் தப்பாகப் பேசினார். ஊர் சிரித்தது. அதன் பிறகு அவர் நம் மொழியில் வாய் திறந்ததில்லை.

ரெக்கார்டர் விஷயமாக நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"அவன் தப்புத் தப்பாப் பேசுறத, செத்த பிறகும் கேட்டுச் சிரிக்கணுமா நீங்க?"

எழுந்து வந்துவிட்டேன். நமக்கு வேண்டும் என்பதற்காக அவரிடமிருந்து பிடுங்கலாமா? பிடுங்கலாமா நண்பர்களே?

ரெக்கார்டரை நான் கேட்டு வாங்கப் போவதில்லை. வகுப்பு என்னை மன்னிக்கட்டும்.

பொறுங்கள். அக்கா ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்காது, நானே சொல்கிறேன்: "இங்கயே போட்டுக் காட்டு. எவன் சிரிக்கிறான்னு நான் பாக்கணும். ஒருத்தன் சிரிச்சாலும் தீயிலதான்."

சரி அக்கா. கொடுங்கள். மேசையில் வைக்கிறேன். அழுத்துகிறேன்.

கேட்டீர்கள். நான் ஊற்றுகிறேன், சரி. நீ ஊற்றுகிறாய், சரி. நாம் இருவரும், தவறு. உடனே இந்த மண்டபம் என்ன செய்தது? திருத்தியது! முன்வரிசை, பின்வரிசை, மேளக்காரர்கள், எல்லோரும்! அவர் இன்னும் உங்கள் வாசலில் நிற்பதுபோல. ஒருவரும் சிரிக்கவில்லை.

சரியான சொல்லுக்கு அக்காவின் உதடும் அசைந்தது. நான் பார்த்தேன்.

"நாலு வருஷமா இதையேதான் தப்பாச் சொல்றான், மடையன்," என்கிறார். ரெக்கார்டரை மேசையிலேயே விட்டுவிட்டு, மேலங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இசிடோர் பெயோனி அவர்களே! திங்கட்கிழமை வகுப்பு உண்டு. நடத்தப் போவது நான். எனக்குப் பாதிதான் தெரியும். தப்பாகப் பேசுவோம். ஊர் கேட்கும்படி, சத்தமாகத் தப்புத் தப்பாகப் பேசுவோம். இது எங்கள் வாக்கு.

எழுந்திருங்கள், போவோம். அக்கா தனியாகத் தீயருகே நிற்க வேண்டாம்.