எச்சிலில் ஒன்றுமில்லை

இல்லீங்க மேடம், ஃபாரம் எதுவும் மாறல. அது என்னோடதுதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வேப், அதான் அந்த எலக்ட்ரானிக் சிகரெட், இழுப்பேன்னு எழுதினதும் நான்தான். எச்சில் டெஸ்ட்டும் நான் குடுத்ததுதான். டப்பாவைப் பார்த்ததும் வாய் வறண்டுபோச்சு. புளிப்பு மிட்டாயை நெனச்சு நெனச்சுத் துப்பினேன், மறக்குமா?

நிகோடின் துளிகூட இல்லையா? ம்ம்.

ஐயோ, பொய்னு அடிச்சு ஓரமா வச்சுடாதீங்க. அது உங்க ஆராய்ச்சியில இருக்கணும், ப்ளீஸ்.

நிகோடின் போடாத ரகமா? அதுவும் இல்லீங்க. இந்தாங்க என் வேப், கையில வாங்கிப் பாருங்க. காலி. பில்லிங் செக்‌ஷன் அக்கா தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கினேன்.

ஸ்டைலுக்கா? எனக்கா? நல்லா சொன்னீங்க. என் சட்டையை மோந்து பார்த்துட்டு, உங்க ஆபீஸ்ல யாரு அன்னாசிப்பழம் நறுக்கறாங்கன்னு கேக்கறாரு எங்க வீட்டுக்காரர்.

அந்த வாசனையா? அது அக்கா விடற புகை. மொட்டைமாடியில நின்னு ரயில் மாதிரி விடுவாங்க. நாங்க நாலு பொண்ணுங்க ஆளுக்கொண்ணைக் கையில வச்சுக்கிட்டு அந்தப் புகைக்குள்ளயே நிப்போம். எங்க சூப்பர்வைசருக்குத் தும்மல்சாமின்னு பேரு வச்சிருக்கோம். புகை பட்டா பதினஞ்சு தும்மல், எண்ணியிருக்கோம். அதனால மாடிப்படியில காலே வைக்கமாட்டார்.

ஆமா, அவர் வராததுதான் வேணும். கீழ இருந்தா நாற்காலிக்குப் பின்னாடி வந்து, ஸ்கிரீன்ல எதையோ காட்டற மாதிரி குனிவார். மவுஸ் மேல என் கை, என் கை மேல அவர் கை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மாடிக்குப் போக ஒரு சாக்கு வேணும்ல? ஏன் இழுக்கறீங்கன்னு நாலு கட்டம் போட்டிருந்தீங்க, எனக்குன்னு ஒரு கட்டம் இல்ல. ருசிக்குன்னு டிக் அடிச்சுட்டேன்.

புகாரா? ஒருத்தியா போனா, வேலை செய்யாம மாடிக்கு ஓடறவள்னு என்னையே வெளிய அனுப்பிடுவாங்க.

அது சரி, மத்த மூணு பேர் எச்சில்ல என்ன வந்துச்சு? சொல்லக்கூடாதா? சரி, சொல்லாதீங்க. ஆனா ஏன் மேடம் அந்த ஃபாரத்தையெல்லாம் இப்படி அவசரமா குப்புறக் கவுக்கறீங்க?

இப்பதான் யோசிக்கறேன். அவளுங்க வாயிலருந்து புகை வந்து நான் பார்த்ததே இல்ல.

கொஞ்சம் இருங்க, கிளம்பிடாதீங்க. மாடிக்குப் போயி அவளுங்க மூணு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன்.