சிவப்புக் கறை துரு அல்ல

அந்த பிக்கப் வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றது மொத்தம் நூற்றுப் பதின்மூன்று மணி நேரம். உங்கள் விசாரணை அறிக்கையில் ‘சுமார் ஐந்து நாட்கள்’ என்று இருக்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பியது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அறிக்கை என்று எழுதினால் அதில் ‘சுமார்’ வரக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதற்காக மட்டும் உங்கள் நேரத்தை வீணாக்க வரவில்லை. அறிக்கையின் நகலை அண்ணனால் படிக்க முடியவில்லை. முதல் பக்கத்தில் அண்ணியின் பெயரைப் பார்த்ததும் என்னிடம் கொடுத்துவிட்டான். நான் முழுவதும் படித்தேன். நான்காம் பக்கத்தில், உடைந்த கொக்கியின் விரிசலுக்குள் சிவப்புக் கறை இருந்தது, அது துரு என்று எழுதியிருக்கிறீர்கள். அது துரு அல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உட்காரச் சொன்னீர்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினீர்கள். நன்றி. எனக்கு நிறையப் பேசிப் பழக்கமில்லை. கேட்டால்தான் சொல்வேன். இந்த வண்டியைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பற்றவைத்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எட்டு வருடமாகப் பார்க்கிறேன். வீட்டில் என்னை ‘சயின்ஸு’ என்று கூப்பிடுவார்கள். படிப்புக்குக் கொடுத்த மரியாதை என்று ஆரம்பத்தில் நினைத்தேன்.

அண்ணனுக்கு ஒரே கனவுதான். ட்ரெய்லரில் ஏற்றிய பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, மண்டபங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் வாடகைக்கு விடுவது. ஜெனரேட்டரை வாங்கிவிட்டான். ட்ரெய்லரோடு சேர்த்து இரண்டு டன். அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப் வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு பழைய வண்டி கிடைத்தது. பேசி முடிக்கும் நேரத்தில், அதை முடுக்கியதும் வெள்ளைப் புகை வந்ததைப் பார்த்து, “அண்ணா, என்ஜினுக்குள்ள தண்ணி இறங்குது, வேண்டாம்” என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது. அண்ணன் விட்டுவிட்டான். எதிர்வீட்டுத் தச்சர் மறுநாளே போய் அதை வாங்கிக்கொண்டார்.

அந்த வண்டிக்கு ஒன்றுமே இல்லை. குளிரில் எந்த டீசல் வண்டியும் விடும் புகைதான். இன்றுவரை ஒரு நாள்கூட அது நின்றதில்லை. காலை ஏழரைக்கு ஒரே முடுக்கில் கிளம்பும். அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வான்: “கேட்டியா சயின்ஸு? உன் வெள்ளப் புகை வேலைக்குப் போகுது.”

இரண்டு வருடம், விடுமுறை நாட்கள் போக, தினமும். ஜெனரேட்டர் அதுவரை தார்ப்பாய்க்குள் தூங்கியது. நான் தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். தவறு செய்தவள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் முறை.

இந்த முறை வண்டி பார்க்கப் போனபோது அண்ணியோடு நானும் போனேன். பழைய வண்டிகள் விற்கும் யார்டு. அண்ணனின் நண்பர் ஒருவர் மெக்கானிக். ‘டர்போ’ என்பார்கள். அவர் வந்ததும் என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“ஐஸு மாதிரி இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வைக்கல. நேர்மையான ஆளுதான்.”

“நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாதுங்க” என்றார் யார்டுக்காரர்.

டர்போ முடுக்கச் சொன்னார். காதைச் சாய்த்துக் கேட்டார். புகைக்குழாயின் வாயில் கைக்குட்டையைப் பிடித்து அண்ணனிடம் காட்டினார். “பாத்துக்க. துவைக்கவே வேணாம், அப்படியே மடிச்சு வச்சுக்கலாம்.”

“ரெண்டு டன்ன இழுக்கும்ல?”

“மலையக் கட்டிக் குடு, இழுத்துட்டு வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பி, “சயின்ஸு, இன்னிக்கு உனக்கு லீவு. வாயத் தொறந்த, நடந்துதான் வீட்டுக்கு வரணும்” என்றான். அண்ணி அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார். “பாவம், சும்மா இருங்க.”

ஒன்றரை மணி நேரம் என்ஜினைப் பார்த்தார்கள். இழுக்கப் போவது என்ஜின், சரிதான். ஆனால் இழுவை முழுவதையும் தாங்கப் போவது வண்டியின் பின்னால், அடியில், சேஸிஸ் சட்டத்தோடு பற்றவைத்த ஒரு சாண் அகலத் தகடு. அதில்தான் கொக்கி இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டும். டர்போ அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அந்தத் தகட்டை நான் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. சனிக்கிழமை மாலை கொடியிலிருந்து துணி எடுக்கும்போது ஒரு கிளிப் உருண்டு வண்டிக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தேன். சேஸிஸ் முழுக்கப் பழைய சேறு. தகட்டில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட். உடம்பெல்லாம் அழுக்கோடு இருக்கும் ஒருவர் ஒரு விரலுக்கு மட்டும் மோதிரம் போட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் முதல் வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார்கள். காலையிலேயே சோதனைக்கூடத்துக்குப் போய் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தேன். அதில் விசேஷமாக எதுவும் இல்லை. பெயின்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு ஒரு சிவப்புத் திரவத்தை அடிக்க வேண்டும். இருபது நிமிடம் காத்திருந்து துடைத்துவிட வேண்டும். பிறகு வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால், உள்ளே போன சிவப்பு மெல்ல ஊறி மேலே வரும். வெள்ளைத் தாளில் யாரோ சிவப்புப் பேனாவால் கோடு போடுவது மாதிரி. எனக்கு அந்தக் கணம் எப்போதும் பிடிக்கும்.

கோடு வந்தது. பதினொன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர். பற்றவைப்பில் பாதிக்குமேல். ட்ரெய்லர் கழன்றால் பிடித்து நிறுத்த வேண்டிய சங்கிலியின் வளையங்களும் அதே தகட்டில்தான் இருந்தன.

அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பொடியைத் துடைத்தேன். சோதனை முடிந்ததும் இடத்தை முன்பிருந்தபடியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் விதி. கேட்டுக்கு அடித்த கறுப்பு பெயின்டில் மீதி இருந்தது. அதை அடித்தேன். எவ்வளவு துடைத்தாலும் விரிசலுக்குள் போன சிவப்பு வராது. நீங்கள் பார்த்தது அதுதான். ‘நான் ஒரு தடவைதான் பெயின்ட் அடிச்சேன், ரெண்டு இல்ல’ என்று யார்டுக்காரர் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவர் சொன்னது உண்மை. அவர்மேல் எனக்குப் பரிவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவது பூச்சு அவருடையதில்லை.

நான் மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். தாள் என் பையிலேயே இருந்தது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டின்போதும் காத்திருந்தேன். ‘சயின்ஸு, வண்டி எப்படி?’ என்று ஒரு வார்த்தை. எடுத்து நீட்டியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை நானே முயற்சியும் செய்தேன். டர்போவும் சாப்பிட வந்திருந்தார்.

“அண்ணா, அந்தக் கொக்கி...”

“டர்போ, காதப் பொத்திக்கோ. சயின்ஸு பேசப்போகுது. இப்பவே எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடு, இதையும் அவரே வாங்கிக்கட்டும்.”

டர்போவுக்குச் சிரித்துப் புரையேறியது. அண்ணியும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார், ஆனால் சிரித்தார். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் என்னைப் பார்த்து அதுவரை சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். ஒரு முறை சிரிப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது.

அதன் பிறகு நான் பேசவில்லை. கணக்குப் போட்டேன். எங்கள் தெரு முனையில், வீட்டிலிருந்து அறுபது மீட்டரில், ஒரு வேகத்தடை இருக்கிறது. கொஞ்சம் உயரமானது. வண்டி அதில் ஏறி இறங்கும்போது ட்ரெய்லரின் எடை கொக்கியை ஒரு முறை மேலேயும் ஒரு முறை கீழேயும் உலுக்கும். அந்த விரிசல் அதைத் தாங்காது. நடக்கும் வேகம்தான் இருக்கும். ட்ரெய்லர் மூக்கைச் சாலையில் குத்திக்கொண்டு நிற்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. தெருவே வெளியே வரும். எதிர்வீட்டுத் தச்சரும் வருவார். டர்போ வெள்ளைச் சட்டையோடு படுத்துப் பார்ப்பார். அப்போது நான் நடந்து போய் அந்தத் தாளை அண்ணன் கையில் கொடுப்பேன். எதுவும் பேசியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

புதன்கிழமை ஒரு சிக்கல் வந்தது. ட்ரெய்லரின் விளக்குக் கம்பிக்கான பிளக் வண்டியின் சாக்கெட்டில் பொருந்தவில்லை. ட்ரெய்லரின் பின்விளக்குகள் எரியாது. வேறு சாக்கெட் வாங்க இரண்டு நாள் ஆகும். முதல் வாடகையோ மறுநாள் பதினொரு மணிக்கு. டர்போ தலையைச் சொறிந்தார். அண்ணிதான் வழி சொன்னார்: “நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே ஒட்டி வர்றேன். நீங்க திரும்புறப்ப நான் இண்டிகேட்டர் போடறேன், கையும் காட்டறேன். என்னையே விளக்குன்னு நினைச்சுக்கோங்க.”

“முதலாளியம்மாவே விளக்குப் பிடிக்கிறாங்க” என்றார் டர்போ.

என் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். வேகத்தடையில் நடக்கும் வேகம்தான். அங்கே பின்னால் யார் இருந்தாலும் ஆபத்தில்லை. எனவே சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மாடி ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது, பின்னால் ஜெனரேட்டர், அதற்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட்டில் அண்ணி. வேகத்தடையில் முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம். ட்ரெய்லர் குதித்தது. குதித்துவிட்டுப் போய்விட்டது. திரும்பும்போது அண்ணி கையை நீட்டிக் காட்டினார். அந்தக் காலி வேகத்தடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடியும் என் கணக்கு தப்பாகப் போய்விட்டது, நல்ல வேளையாக யாரிடமும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காபித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, விடுப்பு வீணாக வேண்டாம் என்று வேலைக்குப் போனேன்.

கொக்கி உடைந்தது பாலத்தின் ஏற்றத்தில். வீட்டிலிருந்து இரண்டே கால் கிலோமீட்டர். ஏற்றத்தில் கழன்றால் இரண்டு டன் எந்தப் பக்கம் போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அண்ணன் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். இப்போது அவன் பேசுவதில்லை. காலை ஏழரைக்கு எதிர்வீட்டு வண்டி கிளம்பும்போது தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வீடு அமைதியாக இருக்கிறது.

இவ்வளவுதான். துரு என்பதை அடித்துவிட்டு, சோதனைத் திரவம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை அடித்தவள் நான், இரண்டாவது பெயின்டும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று, என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்...

என்ன கேட்டீர்கள்?

‘பின்னாடியே ஒட்டிப் போகப்போறவங்க. அவங்ககூட உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?’

நீங்கள் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? வேண்டாம், எழுதுங்கள். அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை எட்டு ஐம்பதுக்கு நான் கேட்டருகே காபியோடு நின்றிருந்தேன். அண்ணன் வண்டிக்குள் இருந்தான். டர்போ கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“அன்னிக்கு நானும் சிரிச்சுட்டேன். மனசுல வச்சுக்காதே. ஏம்மா, அந்தக் கொக்கியப் பத்தி என்னவோ சொல்ல வந்தியே. அடியில குனிஞ்சு பாத்தியா? இவங்க யாரையும் நான் நம்பல. நீ பாத்தேன்னு சொன்னாப் போதும், நான் நிம்மதியாப் பின்னாடி போவேன்.”

தாள் பையில் இருந்தது. வேகத்தடை அறுபது மீட்டரில் இருந்தது.

“பாத்துட்டேன் அண்ணி” என்றேன். “நல்லா இருக்கு. தைரியமாப் போங்க.”