சென்னியப்பன் ஏறாத மலை

...சங்கத்துக்காரங்க எல்லாரும் குடும்பத்தோட வந்திருக்கீங்க. இந்த இடத்துல ஒரு குட்டிக் கதையைச் சொல்லாம நகர எனக்கு மனசு வரல. கேக்கறீங்களா?

ஈரோட்டுல சென்னியப்பன்னு ஒருத்தர். டயர் கடை வெச்சிருக்கார். டாக்டர் சொல்லிட்டார்: "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. தினமும் நடங்க."

"எங்க நடக்கறதுங்க டாக்டர்? தெருவுல நாய் இருக்குதுங்க."

"அப்ப மைதானத்துல நடங்க."

"அங்க தெரிஞ்சவங்க இருக்காங்களே!"

நாயைப் பார்த்தாலும் பயம்... நண்பனைப் பார்த்தாலும் பயம்! அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்? வீட்டுக்கே டிரெட்மில்லைக் கொண்டுவந்து இறக்கிட்டார்.

சாதா டிரெட்மில் இல்லீங்க. இன்டர்நெட் வெச்சது! முன்னாடி டி.வி. மாதிரி ஒரு திரை. அதுல ஒரு பொண்ணு சுவிட்சர்லாந்து மலையில ஏறும். அது அங்க ஏறினா, இங்க மிஷின் தன்னால மேல தூக்கிக்கும். அது மட்டுமா? பேரைச் சொல்லிப் பாராட்டும். "வெரி குட், சென்னியப்பன்! எக்ஸலன்ட், சென்னியப்பன்!"

கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க? "ஒரு மாசம் வெச்சுப் பாருங்க சார். புடிக்கலேன்னா நாங்களே வந்து எடுத்துக்கறோம்."

மிஷின் வந்த அன்னிக்கு அவர் சம்சாரம் மயிலாத்தா மெதுவா கேட்டாங்க. "ஏனுங், நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டுங்களா?"

"உனக்கு எதுக்கு மயிலா? உனக்குத்தான் சமையல்கட்டுலயே நடை முடிஞ்சிருதே!"

அந்தம்மா உள்ள போயிட்டாங்க.

நம்மாளு ஏறினார். மலை வந்தது. மிஷின் தூக்கிச்சு. கம்பியைக் கெட்டியா புடிச்சுக்கிட்டுக் கத்தறார்: "யோவ், போதும்யா! இறக்குயா! நான் இறங்கணும்யா!" அதுக்குத் தமிழ் தெரிஞ்சாத்தானே? "எக்ஸலன்ட், சென்னியப்பன்!"ங்குது. எப்படியோ குதிச்சு இறங்கினவர்... அப்புறம் மிஷின் இருந்த மாடி ரூம் பக்கமே போகல.

மாசம் முடியப்போகுது. ஒருநாள் கடையில உக்காந்து, ஒரு கையில போண்டா, ஒரு கையில போன். கம்பெனியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, மிஷின் சரியில்ல. வந்து எடுத்துட்டுப் போங்க."

"என்ன குறை சார்?"

"யாருமே ஏறறதில்ல. சும்மா கெடக்குது."

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துச்சு. "சார்... நீங்க தினமும் நடக்கறீங்களே சார்?"

"நானா?"

"ஆமா சார். இப்பக்கூட நடந்துட்டுத்தான் இருக்கீங்க."

"இப்ப நான் போண்டா தின்னுட்டு இருக்கறேன் அம்மிணி!"

"இல்லீங்க சார். இந்த நிமிஷம் நீங்க சுவிட்சர்லாந்துல மலையேறிட்டு இருக்கீங்க. நல்ல ஸ்பீடு சார்!"

போண்டா தொண்டையில நின்னுருச்சு. யார்றா அது... என் வீட்டுல, என் பேர்ல, எனக்குப் பதிலா ஒருத்தன் நடக்கறது? போனைக்கூட வைக்கல. அப்படியே சட்டைப்பையில போட்டுக்கிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டுப் பறந்தார். மாடிப்படியில ரெண்டு ரெண்டு படியா தாவறார்... கதவைத் தள்ளறார்...

உள்ள யாரு?

மயிலாத்தா! சேலையைத் தூக்கி இடுப்புல சொருகி, கால்ல இவரோட ஷூவைப் போட்டுக்கிட்டு, மலையேறிட்டு இருக்காங்க! மிஷின் கத்துது: "எக்ஸலன்ட், சென்னியப்பன்!"

இவருக்குக் கோபம். "மயிலா! இறங்கு! என்ன பண்ணிட்டு இருக்கற?"

அந்தம்மா திரும்பியே பாக்கல. "இருங்க... இன்னும் ஒரு மேடு பாக்கி இருக்குது."

ஏறி முடிச்சு, மிஷினை நிறுத்திட்டு, முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிட்டு சொன்னாங்க...

"தப்புத்தானுங். உங்க பேர்லதான் நடந்தேன். பேரை மாத்தத் தெரியல. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? நான் சமைக்கறேன். உப்புக் கொறைஞ்சா உப்பில்லைன்னு சொல்றீங்க. சரியா இருந்தா ஒண்ணும் சொல்றதில்ல. நீங்க பேசாம தின்னா சமையல் சரியா இருக்குதுன்னு நானா புரிஞ்சுக்குவேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். இந்த மிஷின், ஒரு எட்டு வெச்சா நல்லா இருக்குதுங்குது. ஏறினா நல்லா இருக்குதுங்குது. உங்க பேரைச் சொல்லித்தான் சொல்லுது... இருந்தாலும் என்னைத்தானே சொல்லுது? கேக்கறதுக்கு ஆசையா இருந்துச்சு. அவ்வளவுதானுங்."

அப்பத்தான் சென்னியப்பனோட சட்டைப்பைக்குள்ள இருந்து ஒரு குரல். "சார்... லைன்ல இருக்கீங்களா? மிஷினை எடுத்துக்க ஆள் அனுப்பட்டுமா சார்?"

போனை எடுத்தார். "வேண்டாம் அம்மிணி. மிஷின் இங்கயே இருக்கட்டும். அதுல பேரை எப்படி மாத்தறதுன்னு மட்டும் சொல்லு."

அந்தப் பொண்ணு சொல்லுச்சு. மயிலாத்தா பேரைப் போட்டார். வயசைப் போட்டார். அடுத்ததா மிஷின் எடை கேட்டுச்சு. மயிலாத்தா சொன்னாங்க, "அதை நான் போட்டுக்கறேன். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்!"

சிரிக்கறீங்க... நல்லா சிரிங்க. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மிஷினுக்கு மயிலாத்தா யாருன்னு தெரியுமா? தெரியாது. அந்தம்மாவோட கால் வலி தெரியுமா? தெரியாது. பேரைக்கூடத் தப்பாத்தான் சொல்லிச்சு! தப்பான பேர்ல வந்த பாராட்டுக்கே ஒரு மனுஷி தினமும் மலையேறினாங்கன்னா... சரியான பேரைச் சொல்லி, சொல்ல வேண்டியவர் சொல்லியிருந்தா?

இவ்வளவு நேரம் எனக்குக் கை தட்டினீங்க. சந்தோஷம். நான் வெளியூர்க்காரன்... பேசிட்டு பஸ் ஏறிடுவேன். எனக்கே இவ்வளவு தட்டறீங்களே! ஐயா... ரெண்டாவது வரிசை... கொஞ்சம் உங்க சம்சாரம் பக்கம் திரும்புங்க. அவங்களும் மனுஷிதான். இன்னிக்கு உங்களை இங்க கிளப்பிக் கூட்டிட்டு வந்ததே அவங்கதான்.

எங்கே... அவங்களுக்கு ஒரு தடவை தட்டுங்க, பார்ப்போம்.