வெறும் அண்டா

கையெழுத்து அழகாக வர வேண்டுமென்றால் பிள்ளை முதலில் முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ரைட்டர் கூனிக்கொண்டு எழுதுகிறார். பரவாயில்லை, நான் மெதுவாகவே சொல்கிறேன்.

செல்லூரில் எங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பித்தபோது அது நூல் மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கி. நூல் வியாபாரி பக்கீர் முகமது ராவுத்தர் இடம் கொடுத்தார். பிள்ளைகளைக் கொண்டுவந்தது நான். தறி வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கூட்டி வந்தேன். ராவுத்தர் வீட்டுப் பிள்ளையும் நெசவாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்தது என் பிரம்புக்குப் பயந்துதான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம் அடங்கிவிடும்.

"விருமாண்டி அண்ணே, இது பெருசானா நீங்கதான் ஹெட்மாஸ்டர். அல்லா மேல ஆணை" என்றார் ராவுத்தர். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

போன ஆனியில் ஹெட்மாஸ்டராகச் சுலைமான் வந்தார். பி.ஏ. படித்தவர், சின்ன வயது. ராவுத்தர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "டிகிரி படிச்ச ஆளு இருந்தாத்தான் சர்க்கார்ல ஒத்துக்கிருவாகளாம். நீங்க எங்க போகப் போறீக? கூடமாட இருங்கண்ணே."

கூடமாட இருந்தேன். சுலைமான் என்னை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரம்பை வாங்கி அலமாரியில் வைத்தார். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். கொஞ்ச நாளில் சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. ராவுத்தரின் மகள் சாதிகா, என்னிடம் அகரம் படித்தவள், ஒருநாள் ஓடி வந்தாள்.

"வாத்தியாரே, இப்பல்லாம் பள்ளிக்கூடம் வரப் பயமாவே இல்ல."

எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். அவள் சிலேட்டைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஐப்பசியில் வைகையில் புதுவெள்ளம் வந்தது, பின்னாலேயே வாந்திபேதியும் வந்தது. பள்ளியை மூடலாம் என்றேன். சுலைமான் சம்மதிக்கவில்லை. வீட்டில் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கிற பிள்ளைகள் இங்கே பகலிலாவது காய்ச்சிய தண்ணீரைக் குடிக்கட்டும் என்றார். சரியான யோசனைதான். காய்ச்சும் வேலையைக் கூட்டிப் பெருக்கும் முனியாயியிடம் கொடுத்தார்.

நான் நினைத்தது சின்ன விஷயம். நாலு பிள்ளைகளுக்கு வயிறு நோக வேண்டும். பெற்றவர்கள் வந்து அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும்.

முனியாயியைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டேன். "இனி அடுப்ப நான் பாத்துக்கிறேன். நீ பெருக்கிட்டுப் போ."

"பெரிய சாரு என்னையத்தான காச்சச் சொன்னாக?"

"அவருதான் சொல்லிவிட்டாரு. போ தாயி."

தினமும் காலையில் அடுப்பை மூட்டி, அதன் மேல் வெறும் அண்டாவை வைத்தேன். புகை வெளியே தெரிய வேண்டும் அல்லவா. ஆற்றிலிருந்து வந்த தண்ணீரை அப்படியே குடிக்கிற பானையில் ஊற்றினேன். சுலைமான் ஒருமுறை எட்டிப் பார்த்து, "உங்களுக்குத்தான் சிரமம்ண்ணே" என்றார்.

முதலில் போனவன் கருப்பு, நெசவாளி வீட்டுப் பையன். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். மறுநாளும் அடுப்பை மூட்டினேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் பள்ளிக்கூடத்தில் நோயும் நின்றிருக்கும். சுலைமான் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும்.

பிறகு சாதிகா.

மகளை அடக்கம் செய்துவிட்டு ராவுத்தர் நேராகப் பள்ளிக்கு வந்தார். "மூடியிருக்கணும். தப்பு என்னோடது" என்று சுலைமான் அழுதார். இப்போதாவது அவரை அனுப்பிவிடுவார் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். ராவுத்தர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன செய்வீக தம்பி. நீங்க போயிராதீக."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்கு நடந்த துரோகங்களில் அதுதான் பெரியது.

முனியாயி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளின் சாவையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். என் காலத்தில் மணி அடிக்காமல் ஒரு பிள்ளை தண்ணீர்ப் பானைப் பக்கம் போனதில்லை. தாகம் எடுத்தால் யாரையும் கேட்காமல் எழுந்து போய்க் குடிக்கலாம் என்று சொன்னவர் சுலைமான். என் ஒழுங்கு அங்கே நிலைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு உயிரோடு இருப்பார்கள்.